ஒரு ராத்தல் தானியம்

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் பெரியப்பா. கூட்டுறவுத் துறையில் முப்பது வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் முதலில் தொகையைக் கேட்பார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பள்ளிக்கூடங்களில் கொடுக்கும் காலை உணவில் வந்து நின்றது.

"பிள்ளைங்க வெறும் வயித்தோட உட்காரக் கூடாதுன்னு நெனைக்கிறது நல்ல மனசுதான்ப்பா. ஆனா கவர்மென்ட்ட மனச வச்சு நடத்தக் கூடாது, கணக்க வச்சு நடத்தணும்" என்றார்.

"நீங்களே காமராஜர் போட்ட சாப்பாட்ட சாப்பிட்டுப் படிச்சவர்தானே பெரியப்பா?"

"அப்பப் பசி இருந்துச்சு. இப்ப யாருக்குப் பசி?"

நியாயமான கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன். என்னை உறுத்தியது அதற்கு முன்னால் சொன்னது. மனசு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். கூலி எவ்வளவு கொடுக்கலாம், மானியம் யாருக்குப் போகலாம், வெள்ளத்தில் ஊர் மிதக்கும்போது பால் பாக்கெட்டை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கலாமா என்று எதை எடுத்தாலும் பேச்சு இப்படித்தான் பிரிகிறது. ஒருவர் "மனசாட்சி இல்லையா?" என்பார். மற்றவர் "உணர்ச்சிவசப்படாதீங்க" என்பார். இரண்டாமவர் எப்போதும் கொஞ்சம் உயரமான நாற்காலியில் இருப்பதுபோலத் தெரியும். அந்த நாற்காலி அவருக்கு உரியதுதானா என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தாது வருடப் பஞ்சம் போதும்.

1876ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி, மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி எல்லாம் காய்ந்தன. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்தச் சாவு 80 லட்சத்தையும் தாண்டும் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. பிழைக்க வழி தேடி இலங்கையின் தோட்டங்களுக்குக் கடல் கடந்தவர்கள் ஏராளம். இன்று பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர், பஞ்ச நிவாரண வேலையாக 1877–78ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் எலும்பும் தோலுமாக வந்த கிராமத்து ஜனங்கள். பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர் இரண்டு பேர். முதலாமவர் பிரிட்டிஷ் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். அவரைப் புரிந்துகொள்ள மூன்று வருடம் பின்னால், பீகாருக்குப் போக வேண்டும்.

1873–74ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணப் பொறுப்பு டெம்பிளிடம் இருந்தது. பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசியைத் தருவித்தார். வேலை கொடுத்தார், வேலை செய்ய முடியாதவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை என்று சொல்லும் அளவுக்குக் காரியம் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்ச வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை. பாராட்டு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது திட்டு. செலவு 60 லட்சம் ஸ்டெர்லிங் பவுண்டைத் தாண்டிவிட்டது, அரிசியும் மிஞ்சிப்போனது. ஊதாரி என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே டெம்பிளை 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் தெற்கே அனுப்பினார். அந்த மாதம் 1ஆம் தேதிதான் டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்திருந்தார்கள். சென்னை அரசு நிவாரணத்தில் தாராளம் காட்டுகிறது, போய்ச் செலவைக் கட்டுக்குள் கொண்டு வா என்பதுதான் டெம்பிளுக்கு இட்ட வேலை. பீகாரில் வாங்கிய பெயரைத் துடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பஞ்சம் பாதித்த மாவட்டங்களில் வேகவேகமாக ஒரு சுற்று வந்தார். நிவாரண வேலைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கழிக்கப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு கூலி வகுத்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆம்பளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதன்மேல் ஓர் அணா. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. வரலாற்றில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர்.

இதற்குப் பின்னால் வாதம் இல்லாமல் இல்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அரசு தானியம் வாங்க இறங்கினால் வியாபாரி ஒதுங்கிக்கொள்வான். விலை ஏறினால்தான் மிச்சம் உள்ள ஊரிலிருந்து பற்றாக்குறை ஊருக்குச் சரக்கு வரும். கூலியைத் தாராளமாக வைத்தால், தேவை இல்லாதவனும் வரிசையில் வந்து நிற்பான், ஜனங்கள் கையேந்தப் பழகிவிடுவார்கள். ஆடம் ஸ்மித் ஒரு நூற்றாண்டுக்கு முன், 1776ல், தானிய வணிகத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்று எழுதியதை அன்றைய அதிகாரிகள் வேதவாக்காக வைத்திருந்தார்கள். சென்னை அரசு 30,000 டன் தானியம் வாங்கியதற்கே மேலிடம் முகம் சுளித்தது. இதை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. விலை ஏறியதும் ரயிலிலும் கப்பலிலும் சரக்கு வரத்தான் செய்தது. ஆனால் வயல் வேலை நின்றுபோய்க் கையில் காசே இல்லாதவனுக்குக் கடையில் அரிசி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? 1877–78ல் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போன கோதுமை மட்டும் 3,20,000 டன். வாங்குகிற சக்தி இருந்த இடத்துக்குத் தானியம் போயிற்று. சந்தை தன் வேலையைச் செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாமவர் டாக்டர் வில்லியம் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். இந்த மாகாணத்து ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் எவ்வளவு சத்து என்று 1863லேயே அறிக்கை எழுதியவர். டெம்பிள் கூலியைப் பார்த்ததும் அவர் மறுத்து எழுத ஆரம்பித்தார். எழுத்தில் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தை மட்டும் அனுப்பவில்லை. கடினமாக உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு வேண்டும், சிறைக் கைதிகளுக்கு என்ன அளவு போடுகிறோம், தானியத்தை மட்டும் தின்றால் உடம்பு எப்படிக் கரையும் என்று அளவுகளோடு வாதாடினார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. சென்னை அரசு மார்ச் மாதம் பாதி இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்த்தியது.

இப்போது நாற்காலிக்கு வருவோம். இந்த இருவரில் அறிவின் பக்கம் யார், உணர்ச்சியின் பக்கம் யார்?

அன்றைய அதிகாரிகளைக் கேட்டிருந்தால் தயங்காமல் டெம்பிளை அறிவின் பக்கம் உட்கார வைத்திருப்பார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஒரு ராத்தல் என்ற அளவு எந்தச் சோதனையிலிருந்தும் வந்ததில்லை. குறைந்த செலவில் உயிரைப் பிடித்து வைக்க முடியுமா பார்ப்போம் என்ற நிர்வாகத் துணிச்சலிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் பீகாரில் பட்ட அவமானம், மேலிடத்தின் முகம், ஏழை என்றாலே ஏமாற்றுவான் என்ற சந்தேகம் எல்லாம் இருந்தன. இவை அத்தனையும் உணர்ச்சிகள்தானே? எண்களின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கார்னிஷுக்கு மனசு பதைத்தது, அதனாலேயே இன்னும் நுணுக்கமாக அளந்தார். பதைக்காதவருக்கு அளக்கத் தோன்றவே இல்லை.

தத்துவக்காரர்கள் இந்தச் சண்டையை வேறு மொழியில் போட்டிருக்கிறார்கள். டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில், அறிவு என்பது உணர்ச்சிகளின் வேலையாள், எஜமான் இல்லை என்றார். எங்கே போக வேண்டும் என்று மனசு சொல்லும், எப்படிப் போவது என்று மட்டுமே அறிவு சொல்லும் என்பது அதன் சாரம். காண்ட் அதற்கு நேர் எதிர். மனசு இரங்கி உதவுவதைவிட, கடமை என்று உணர்ந்து உதவுவதற்குத்தான் அவரிடம் ஒழுக்க மதிப்பு. எனக்கு இவர்கள் இருவரையும்விட ஆடம் ஸ்மித்தையே பிடிக்கும். டெம்பிளின் ஆட்கள் தூக்கிப்பிடித்த அதே ஸ்மித்தான், ஆனால் அவர் 1759ல், பொருளாதாரத்துக்கு முன்பே, மனித மனத்தின் ஒழுக்க உணர்வுகளைப் பற்றி எழுதியதை அவர்கள் புரட்டியதாகத் தெரியவில்லை. அதில் ஓர் இடம் வரும். நாளை உன் சுண்டுவிரலை வெட்டப்போகிறார்கள் என்றால் இன்று இரவு உனக்குத் தூக்கம் வராது. சீனா முழுவதும் பூகம்பத்தில் புதைந்தது என்று கேட்டால் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுக் குறட்டை விடுவாய். சரி, உன் விரலைக் காப்பாற்ற அத்தனை பேரையும் பலி கொடுப்பாயா என்றால் மாட்டேன் என்கிறாயே, ஏன்? இரக்கம் அவ்வளவு தூரம் எட்டாது என்று இப்போதுதானே பார்த்தோம்? நமக்குள் உட்கார்ந்து, 'கூட்டத்தில் நீயும் ஒருத்தன், அவ்வளவுதான்' என்று சொல்லும் ஒரு பாரபட்சமில்லாத பார்வையாளன்தான் காரணம் என்கிறார் ஸ்மித்.

இதுதான் என் பெரியப்பாவின் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் இடம். இரக்கம் கிட்டப்பார்வைக்காரி. 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கலந்துகொண்டவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் எவ்வளவு தருமம் செய்வீர்கள் என்று பார்த்தார்கள். பசியில் வாடும் ஏழு வயது ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தியைக் காட்டியபோது சராசரியாக 2.38 டாலர் வந்தது. லட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைக் காட்டியபோது 1.14. சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் கூட வேண்டுமே? 1.43க்கு இறங்கிவிட்டது. ஒரு முகத்துக்கு உருகும் மனசு, பக்கத்தில் எண் வந்ததும் சுருங்கிக்கொள்கிறது. லட்சம் பேருக்குத் திட்டம் போடுகிறவர் இந்த மனசை மட்டும் நம்பினால், படத்தில் அழகாக விழுந்த குழந்தைக்குச் சோறும் விழாத குழந்தைக்குப் பட்டினியும்தான் மிஞ்சும்.

கிட்டப்பார்வை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. உணர்ச்சி என்றாலே நாம் இரக்கத்தை நினைத்துக்கொள்கிறோம், அருவருப்பும் உணர்ச்சிதான். 1866 ஒடிசா பஞ்சத்தில் நிவாரணக் கஞ்சிக் கூடங்களில் சாப்பிட்டவர்களைச் சாதி கெட்டவர்கள் என்று ஊர் தள்ளி வைத்தது. அவர்களுக்கென்று தனிப் பெயரே வந்துவிட்டது. ஏதோ பழைய காலம் என்று விட முடியாது. 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் நின்றார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் மனசு ஒப்பவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். மனசு சொன்னதைச் செய் என்பவர்கள் எந்த மனசு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதனால் உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிடலாமா? 1877க்கே திரும்புவோம். பம்பாய் மாகாணத்தில் கூலியை ஒரு ராத்தலாகக் குறைத்தபோது, பஞ்ச வேலையில் இருந்த ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். புனேயின் பொதுநல அமைப்பான சார்வஜனிக் சபை அவர்களுக்காக அரசுக்கு எழுதியது. காசுக் கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம். ஒரு ராத்தல், பூஜ்யத்தைவிடப் பெரியது. இருந்தாலும் வேண்டாம் என்றார்கள்.

இதே புதிரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அப்புறம் ஆய்வுக்கூடத்தில் பொருளாதார அறிஞர்கள் கண்டார்கள். 1982ல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் சகாக்களும் வெளியிட்ட சோதனை அது. இரண்டு பேர், ஒரு தொகை. ஒருவர் பங்கு பிரிப்பார். மற்றவர் சரி என்றால் இருவருக்கும் அப்படியே கிடைக்கும், முடியாது என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பாடப்புத்தக மனிதன் ஒற்றை ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். நிஜ மனிதர்கள் ரொம்பக் குறைந்த பங்கை உதறிவிடுகிறார்கள். பிரிப்பவருக்கும் அது தெரியும், அதனால் பாதிக்குப் பக்கத்தில்தான் கொடுக்கிறார். உதறுகிறவரின் ரோஷம் இல்லாவிட்டால் பங்கு பிரிப்பவருக்குப் பயமே இருந்திருக்காது. என்னைப் பொறுத்தவரை அந்த ரோஷத்துக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. இன்று இந்தக் கூலியை வாங்கினால் நாளை இதுவே கூலி என்பது அந்தத் தொழிலாளிகளுக்குத் தெரியாதா என்ன?

மதராஸ் மாகாணத்தில் 1956ல் தொடங்கிய மதிய உணவுக்கும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று விரிவாக்கிய சத்துணவுக்கும் வருகிறேன். இரண்டுமே ஆய்வறிக்கையில் பிறந்தவை இல்லை. ஆடு மேய்த்த பையன் காமராஜரிடம், பள்ளிக்கூடம் வந்தால் சோறு போடுவீங்களா என்று கேட்டதாக ஒரு கதையை ஊரே சொல்லும். எம்.ஜி.ஆர். தன் சிறுவயதுப் பட்டினியைச் சொல்லியே திட்டத்தை நியாயப்படுத்தினார். கஜானா தாங்குமா, ஓட்டுக்காகவா என்று 1982ல் எழுந்த கேள்விகளும் நியாயமானவையே. ஆரம்பித்து வைத்தது மனசு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது நாற்பது வருடம் நின்றதற்கு மனசு காரணம் இல்லை. பதிவேடு வைத்தார்கள், தலை எண்ணினார்கள், கிராம் கணக்கில் அரிசி, பருப்பு, எண்ணெய் வகுத்தார்கள். வெறும் சோறு போதாது, புரதம் வேண்டும் என்று 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, படிப்படியாகக் கூடி 2010ல் பள்ளி நாள்தோறும் முட்டை என்றானது. 1877ல் கார்னிஷ் பருப்புக்காகப் போட்ட சண்டையை முட்டை ஜெயித்துக் கொடுத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டபோது அது பிள்ளைகளின் உரிமையானது. கருணையாக மட்டும் இருந்திருந்தால் அடுத்த பட்ஜெட்டில் கருணை வற்றியிருக்கலாம்.

பஞ்சம் ஏன் வருகிறது என்பதையே மாற்றி எழுதிய அமர்த்தியா சென் விஷயமும் இப்படித்தான். உணவு இருந்தும் அதை வாங்கும் உரிமை கையை விட்டுப் போவதால்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்று 1981ல் விலைப் பட்டியல்களையும் கூலிக் கணக்குகளையும் வைத்து நிறுவினார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவருக்கு ஒன்பது பத்து வயது. பட்டினியில் வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். பார்த்தது கேள்வியைக் கொடுத்தது, பதிலைத் தேட முப்பது நாற்பது வருடம் பிடித்தது. தாது வருடத்திலேயே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ரயிலில் சரக்கு வந்தும் ஏன் சாகிறார்கள் என்பதற்கு டெம்பிள் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பந்திக்கு வருவோம். இப்ப யாருக்குப் பசி என்ற கேள்விக்கு நான் மனசைத் தொடும்படி ஒன்றும் சொல்லவில்லை, அவரிடம் அது எடுபடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை, பாதிக்கு மேல் ரத்தசோகை என்றேன். "நாலுல ஒண்ணா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். அப்புறம் டெம்பிள் கதையைச் சொன்னேன். கார்னிஷ் பெயரைக் கேட்டதும், "அந்த டாக்டர் எவ்வளவு கேட்டார்?" என்றார்.

"ஒன்றரை ராத்தல் பெரியப்பா. கொஞ்சம் பருப்பு."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். "அறுநூத்தி எண்பது கிராம். நாள் பூரா மண்ணு வெட்டுறவனுக்கு." இலையை மடித்தவர், எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அதையே முழுசாக் கொடுக்கலையா?"